இதயமும் சிங்கமும்: கம்பெனிக் கைத்துப்பாக்கிகளில் இராணுவ முத்திரையின் நம்பகம்

சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒன்றின் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பல சமயம் அதன் இரும்புத் தகட்டில் நகக்கண் அளவுக்குப் பதிந்திருக்கும் ஒரு குறிதான். குறி இல்லையென்றால் அது யாரோ ஒரு கனவான் இடுப்பில் செருகிக்கொண்டு போன பழைய பொருள். குறி இருந்தால் அது ஒரு படைப்பிரிவின், ஒரு போரின், ஒரு பேரரசின் பொருள். இந்த வித்தியாசத்துக்குச் சந்தை பணம் தருகிறது. பணம் புழங்கும் இடத்துக்குப் பொய்யும் வந்து சேரும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் விற்கப்படும் கைத்துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, அவற்றிலுள்ள இராணுவ முத்திரைகளை எந்த அளவுக்கு நம்பலாம், எதைக் கொண்டு நம்பலாம் என்று இந்தக் கட்டுரை ஆராய்கிறது. கம்பெனியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உலகச் சந்தையில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் இராணுவக் குறிகளில் அதனுடையதும் ஒன்று. தவிர, அந்த ஆயுதங்கள் வந்து இறங்கிய மூன்று மாகாணங்களுள் சென்னையும் ஒன்று.

குறி எதற்குச் சான்று?

இது பற்றி இதுவரை நிலவும் பார்வைகளை மூன்றாகப் பார்க்கலாம். விற்பவர்கள் முத்திரையிலிருந்து தொடங்குகிறார்கள்: குறி இருக்கிறது, ஆகவே ஆயுதம் உண்மையானது. அருங்காட்சியகத்தார் பொருள் கைமாறி வந்த வரலாற்றைக் கேட்கிறார்கள்: யாரிடமிருந்து, எந்த ஆண்டில், என்ன பதிவோடு வந்தது? மூன்றாவது பார்வை ஆவணக்காப்பகத்திலிருந்து வருவது. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களைத் துருவி டி. எஃப். ஹார்டிங் நான்கு தொகுதிகளாக எழுதிய, கம்பெனியின் சிறு ஆயுதங்கள் பற்றிய நூல் 1990களின் இறுதியில் வெளிவந்தது. அதற்கு முன்பு சேகரிப்பாளர்களின் செவிவழிச் செய்தியாக இருந்த பலவும் அதற்குப் பிறகுதான் கொள்முதல் ஆணை, ஆய்வாளர் அறிக்கை, மாதிரி வடிவம் என்ற ஆதாரங்களின் மீது வந்து நின்றன.

இந்த மூன்றில் முதலாவது மிகப் பலவீனமானது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மற்ற இரண்டும் நம் கையிலிருக்கும் தனியொரு துப்பாக்கிக்கு நேரடியாகப் பதில் தருவதில்லை. கம்பெனியின் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை எந்தக் கைமாற்றுப் பதிவும் இல்லாமல்தான் நம்மிடம் வருகின்றன. ஆவணங்களோ மொத்த எண்ணிக்கையைப் பேசுகின்றன. தனிப் பொருளைப் பேசுவதில்லை. ஆகவே பொருளைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி விசாரிக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இராணுவ முத்திரை அலங்காரத்துக்காக வைத்ததல்ல. அது ஓர் அலுவலக நடைமுறை விட்டுச்சென்ற தடம். ஒப்பந்தக்காரர் குழலைக் கொண்டுவந்து கொடுப்பார். வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து திணித்து அதைச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தாங்கினால் சோதனை முத்திரை விழும். சுடுபொறியை ஒருவர் பார்த்து ஏற்பார். தம் சிறிய அடையாளத்தை அடிப்பார். கட்டையோடு சேர்த்துப் பொருத்திய பின் இன்னொருவர் பார்ப்பார். கிடங்குக்கு வந்ததும் ஒரு குறி, படைப்பிரிவுக்குப் போனதும் ஓர் எண், சேவையிலிருந்து கழித்து விற்கும்போது சில வேளை இன்னொரு குறி. ஆகவே உண்மையான குறி தனியாக வருவது அரிது. அதற்கு அக்கம்பக்கம் உண்டு. போலி செய்பவர் வழக்கமாக ஒரேயொரு பெரிய குறியை, பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். முத்திரையைத் தனியே நிறுத்தி ‘நீ உண்மையா?’ என்று கேட்பதைவிட, அதன் அக்கம்பக்கத்தாரை விசாரிப்பது பயன் தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கம்பெனியின் இரு சின்னங்கள்

கம்பெனி ஆயுதங்களின் சுடுபொறித் தகட்டில் இரண்டு சின்னங்கள் வருகின்றன. முதலாவது இதய வடிவக் குறி. குறுக்குக் கோடுகளால் நான்காகப் பிரிந்த இதயம். நான்கு அறைகளில் வி, இ, ஐ, சி என்ற ஆங்கில எழுத்துகள். உச்சியில் ‘4’ போன்ற ஒரு கோட்டுரு. பழைய கம்பெனியும் புதிய கம்பெனியும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இணைந்து உருவான ஐக்கியக் கம்பெனியின் முதலெழுத்துகள் அவை. ‘யு’ வரவேண்டிய இடத்தில் பழைய வழக்கப்படி ‘வி’ வருகிறது. அடிப்படையில் இது வணிகச் சின்னம். துணிப் பொதியிலும் பெட்டியிலும் இட்ட அடையாளம் அப்படியே ஆயுதத்துக்கும் வந்தது.

இரண்டாவது சிங்கம். பின்னங்கால்களில் எழுந்து நின்று முன்னங்கால்களில் கிரீடத்தை ஏந்தியிருக்கும் இந்தச் சிங்கம் கம்பெனியின் மரபுச் சின்னத்தில் உச்சியில் இடம்பெற்றது. 1808 வாக்கில் தகட்டில் இதயத்தின் இடத்தைச் சிங்கம் பிடித்துக்கொண்டது.

இதயக் காலத்துத் தகடுகளில் வேறொரு வழக்கமும் உண்டு. சுடுபொறியின் குதிரைக்கு முன்னே இதயம் இருக்க, தகட்டின் வால்பகுதியில் லண்டன் ஒப்பந்தக்காரரின் பெயரும் ஆண்டும் வரும். பார்னெட், வில்சன் போன்ற பெயர்கள் அடிக்கடி தென்படுபவை. சிங்கம் வந்த பிறகு சக்கிமுக்கித் தகடுகளில் பெரும்பாலும் ஆண்டைக் காண முடிவதில்லை. 1840களிலும் 1850களிலும், செப்புக் கேப் வைத்துச் சுடும் வகை வந்தபோது, சிங்கத்தோடு ஆண்டு மீண்டும் தலைகாட்டுகிறது.

இந்த இரு சின்னங்களையும் அசலில் பார்த்துப் பழகத் துப்பாக்கி வேண்டியதில்லை. பம்பாய் மாகாணத்துக்காக 1791, 1794 ஆண்டுகளில் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அடித்த செப்புக் காசுகளில் இதே இதயக் குறி இருக்கிறது. சென்னை மாகாணத்துக்காக அதே ஆலை 1803இல் அடித்த ஒரு காசு நாணயத்தில் கிரீடம் ஏந்திய சிங்கம் இருக்கிறது. நாணய அச்சும் துப்பாக்கி அச்சும் ஒன்றல்ல. அளவும் வெட்டும் வேறுதான். ஆனாலும் அக்காலத்து லண்டன், பர்மிங்காம் கைவினைஞர் ஒரு சிங்கத்தின் பிடரியையும் வாலையும் எப்படி யோசித்தார் என்பதை மலிவான ஒரு செப்புக் காசு கற்றுக்கொடுத்துவிடும். போலித் தகட்டிலுள்ள சிங்கம் பல சமயம் நாயாகவோ குரங்காகவோ போய்விடுவதை அதன் பிறகு கண் தானாகவே கண்டுகொள்ளும்.

அரச படைகளின் குறிகள் வேறு: கிரீடத்தின் கீழ் ‘ஜி.ஆர்.’ என்ற அரசர் முதலெழுத்து, அகன்ற அம்பு, தகட்டின் வாலில் லண்டன் டவரைக் குறிக்கும் ‘டவர்’ என்ற சொல். அரச ஆயுதத் துறை 1764இல் தகட்டில் தயாரிப்பாளர் பெயரையும் ஆண்டையும் கைவிட்டு ‘டவர்’ என்று மட்டும் பொறிக்கத் தொடங்கியது. கம்பெனியோ தனியார் நிறுவனம். அதன் ஆயுதத்தில் அரசின் அம்புக்குறி இருக்க முறையில்லை.

இருக்க முறையில்லை என்று எழுதியதை உடனே தளர்த்தவும் வேண்டும். 1793இல் பிரான்ஸோடு போர் மூண்டபோது அரச படைக்கு ஆயுதம் போதவில்லை. இந்தியாவுக்காகச் செய்து வைத்திருந்த நீள்துப்பாக்கிகளைக் கம்பெனியிடமிருந்து ஆயிரக்கணக்கில் அரசு எடுத்துக்கொண்டது. அந்த ஆயுதங்களில் கம்பெனியின் இதயத்தோடு அரசின் குறியும் சேர்ந்து வருவது இயல்பு. அதேபோல், 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிந்து எல்லாம் முடியரசுக்குப் போன பிறகு, கிடங்கிலிருந்த பழைய ஆயுதத்தில் இந்திய அரசின் சொத்து என்பதற்கான அம்பும் ‘ஐ’ எழுத்தும் விழுந்திருக்கலாம். இரண்டு சின்னம் சேர்ந்திருந்தால் போலி என்ற சூத்திரம் எளிதானது; எளிதாக இருப்பதுதான் அதன் குறை. ஒவ்வொரு குறிக்கும் காலவரிசையில் ஓர் இடம் உண்டு. அந்த வரிசை சாத்தியமா என்றுதான் கேட்க வேண்டும்.

1815 என்று போட்ட இதயம்

சந்தையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகையை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒன்பது அங்குலம் அளவுள்ள குழல், பித்தளைப் பூண் போட்ட கட்டை, தகட்டில் பெரிய இதயம், அதன் கீழோ வாலிலோ ‘1815’ போன்ற ஓர் ஆண்டு. ஆப்கானிஸ்தானில் 2001க்குப் பிறகு பணியாற்றிய அயல்நாட்டுப் படையினர் கடைத்தெருவில் வாங்கி ஊருக்கு எடுத்துச்சென்ற நினைவுப்பொருள்களில் இப்படிப்பட்டவை ஏராளம்.

முதல் முரண் ஆண்டிலேயே இருக்கிறது. 1815இல் புதிதாகச் செய்த தகட்டில் சிங்கம் இருக்க வேண்டும். இதயம் ஏழு ஆண்டு பிந்தி வந்திருக்கிறது. இந்த ஒன்றே போதும் என்று பலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் மேலே பார்ப்பது நல்லது. ஏனெனில் அடுத்த தலைமுறைப் போலி இந்தத் தவற்றைத் திருத்திக்கொண்டு வரும்.

எழுத்துகளைப் பார்க்க வேண்டும். அக்காலத்து முத்திரை அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். எழுத்தின் நுனிகளில் சிறு கொம்புகள் இருக்கும், தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும். போலியில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். பெயரில் வரும் ஆங்கில ‘என்’ எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும். இதயத்தின் அறைகளில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை உருவமாகப் பார்த்து வரைந்ததன் விளைவு இது.

அடுத்து, தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் பத்தில் ஒன்பது பேர் செய்யாத வேலை இது. விற்பவர் சிலர் விரும்பாத வேலையும்கூட. உண்மையான ஒப்பந்த வேலையில் தகட்டின் உட்புறம் பேசத் தொடங்கும்: அரம்பிடித்தவரின் முதலெழுத்து, ஆய்வாளரின் சின்னஞ்சிறு கிரீடம், எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்பதற்கான கோடுகள். திருகுகளின் மரை ஒன்றுக்கொன்று பொருந்தாது. பொறியாளர் விட்வொர்த் ஆங்கிலத் திருகு மரைகளுக்குப் பொது அளவை முன்வைத்ததே 1841இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையின் மரையும் அந்தப் பட்டறைக்கே உரியது. இன்றைய அளவுத் திருகு ஒன்று 1815 துப்பாக்கியின் எல்லாத் துளைகளிலும் சிக்காமல் ஓடினால், மேலே இதயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

இரும்பு சொல்லும் வரிசை

முத்திரையின் காலத்தை அறிய இரும்பில் எது முன்பு நடந்தது, எது பின்பு நடந்தது என்பதைப் பார்ப்பதே உறுதியான வழி.

சுடுபொறித் தகட்டைச் செய்யும்போது, இரும்பு மென்மையாக இருக்கும் நிலையிலேயே குறியை அடித்தோ வெட்டியோ முடித்துவிடுவார்கள். பிறகுதான் எலும்புக்கரி போன்றவற்றோடு பெட்டியில் அடைத்து, பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்த்து மேற்பரப்பைக் கடினமாக்குவார்கள். கடினமாகிவிட்ட தகட்டில் பின்னாளில் ஒருவர் முத்திரை அடிக்க முயன்றால் அச்சு ஆழமாக இறங்காது. ஓரம் சிதறும், அல்லது அச்சு துள்ளி இரட்டைக்கோடு விழும். இதைத் தவிர்க்கத் தகட்டை மறுபடி காய்ச்சி மென்மையாக்கினால் பழைய மேற்பரப்பின் நிறம் போய்விடும். அதைச் செயற்கையாக மீட்க வேண்டிவரும்.

குழலில் இன்னொரு விதமான தடயம் கிடைக்கும். அச்சை அடிக்கும்போது இரும்பு எங்கும் மறைந்துபோவதில்லை. பள்ளத்திலிருந்து விலகி ஓரத்தில் சிறு வரப்பாக எழும். பட்டறையில் அதன் பிறகு அரமும் மெருகும் வருவதால் அந்த வரப்பு சமமாகிவிடும். இரு நூற்றாண்டுக் கையாட்டமும் துடைப்பும் மிச்சத்தை மழுக்கிவிடும். விரல்நுனியால் தடவும்போது கூர்மையான வரப்பு தட்டுப்பட்டால், அந்தக் குறி மெருகுக்குப் பிந்தியது; எவ்வளவு பிந்தியது என்பதே அடுத்த கேள்வி.

துரு இன்னும் நேர்மையான சாட்சி. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் போதும். குறி முதலில், துரு பிறகு என்றால் எழுத்தின் ஓரங்களைத் துரு தின்றிருக்கும். பள்ளத்தின் அடியிலும் சுற்றுப்புறத்திலும் ஒரே மாதிரியான குழிகள் இருக்கும். துரு முதலில், குறி பிறகு என்றால் எழுத்தின் கோடு துருக்குழிக்குள் இறங்கி மறுபுறம் ஏறும். குழியின் விளிம்பு நசுங்கியிருக்கும். பள்ளத்தின் அடிப்பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சுத்தமாக இருக்கும். அமிலமும் உப்பும் பூசிப் பழமை ஏற்றுபவர்களால் நிறத்தைக் கொண்டுவர முடியும். இந்த முன்பின் வரிசையைக் கொண்டுவருவது மிகக் கடினம்.

என் பார்வையில், கவனிப்பாரற்றுக் கிடக்கும் தடயம் ஒன்று தீத்துளைக்கு அருகில் இருக்கிறது. கருமருந்து எரிந்தபின் தங்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மருந்துக் கிண்ணியை ஒட்டிய பகுதிதான் முதலில் அரிபடும். சோதனை முத்திரைகள் விழுவதும் பெரும்பாலும் குழலின் அந்த அடிப்பகுதியில்தான். ஆகவே படையில் உண்மையாகப் புழங்கிய கைத்துப்பாக்கியில் சோதனை முத்திரை தேய்ந்தும் பாதி அரிபட்டும் இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. தீத்துளை பெரிதாகி, சுற்றிலும் இரும்பு கொத்திப் போட்டது போலக் கிடக்க, ஓர் அங்குலத் தொலைவில் முத்திரை மட்டும் நேற்றடித்த நாணயம் போல மின்னினால், அந்தத் துப்பாக்கியை வாங்காமல் வைத்துவிடலாம். மாறாக, தீத்துளை சுத்தமாக, முத்திரையும் கூர்மையாக இருந்தால் அது கிடங்கிலேயே காலம் கழித்த பொருளாக இருக்கலாம். அத்தகையவை உண்டு.

மரக்கட்டையில் அடித்த கிடங்கு முத்திரைகளை மதிப்பிடுவது இரும்பைவிடச் சிரமம். மரம் ஈரத்தில் உப்பும். அமுங்கிய நார்கள் மேலெழும். ஆனால் அங்கும் கேள்வி ஒன்றுதான்: பழைய கீறல் முத்திரையின் குறுக்கே போகிறதா, முத்திரை கீறலின் மேல் உட்கார்ந்திருக்கிறதா?

அழித்த குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சு அடிக்கும்போது இரும்பின் மேற்பரப்பு மட்டுமின்றி அதற்குக் கீழேயும் உலோகக் கட்டமைப்பு நெரிகிறது. மேலிருப்பதை அரத்தால் ராவி எடுத்த பிறகும், செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால் பழைய எழுத்து சில நேரம் நிழலாகத் தெரியும். குற்றப் புலனாய்வில் அழித்த எண்களை மீட்க இம்முறை வழக்கத்தில் இருக்கிறது. பழம்பொருளில் இதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு கேள்விக்கு விடை தேடும் அமிலம், நாளை வேறொருவர் கேட்கவிருக்கும் பத்துக் கேள்விகளுக்கான தடயத்தைத் தின்றுவிடும்.

உண்மைக் குறி, பொய்த் துப்பாக்கி

முத்திரை உண்மையானது என்று நிறுவிவிட்டாலும் துப்பாக்கி உண்மையானது என்று ஆகிவிடாது. கம்பெனித் தகடுகள் தரமானவை. இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் அவற்றுக்குக் கிராக்கி இருந்தது. ஆப்கானியர்களின் நீண்ட ஜெஸைல் துப்பாக்கிகள் பலவற்றில் கம்பெனியின் அசல் தகடுகளே பொருந்தியிருக்கின்றன. அசல் தகடு, உள்ளூர்க் குழல், பின்னாளைய கட்டை. இவற்றைச் சேர்த்தவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவருக்குச் சுடும் துப்பாக்கி வேண்டியிருந்தது. நூறாண்டு கழித்து ஒரு விற்பனையாளர் அதை ‘கம்பெனித் துப்பாக்கி’ என்று எழுதும்போதுதான் பொய் உள்ளே நுழைகிறது.

கைத்துப்பாக்கிகளில் இதைக் கண்டுபிடிப்பது அளவைப் பொறுத்தது. நீள்துப்பாக்கியின் தகடு பெரியது. கைத்துப்பாக்கிக் கட்டையில் அதைப் பொருத்த, கட்டையைத் தடிப்பாக விடவோ தகட்டின் வாலை வெட்டவோ வேண்டும். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே நூலிழை நுழையாத பொருத்தமே ஒப்பந்த வேலையின் அடையாளம். உள்ளே மரத்தைக் குடைந்த வடிவம் பொறியின் பாகங்களோடு ஒத்துப்போக வேண்டும். யாருக்கோ குடைந்த குழியில் வேறு பொறி உட்கார்ந்திருந்தால் வெற்றிடமும் அடைப்பும் தெரியும்.

தேய்ந்த குறியைக் கூராக்கும் பழக்கமும் சந்தையில் இருக்கிறது. குறி அசல், ஆனால் கோடு புதியது. இதைச் செய்பவர்கள் ‘பழுதுபார்த்தோம்’ என்பார்கள். என்னைக் கேட்டால், முழுப் போலியைவிட இது ஒரு விதத்தில் மோசமானது. முழுப் போலி அசலைத் தொடுவதில்லை. இது அசலையே அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது.

ஆவணம் கைகொடுத்தால் போதுமா?

கம்பெனிக் கைத்துப்பாக்கிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தொடரெண் இருந்திருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று தோன்றலாம். தொடரெண் உள்ள ஆயுதங்களின் கதையைப் பார்த்தால் அந்த நம்பிக்கை குறையும்.

அமெரிக்கப் படைக்காக 1873 முதல் கோல்ட் நிறுவனம் செய்த சுழல் கைத்துப்பாக்கியில் ‘யு.எஸ்.’ முத்திரையும், ஆய்வாளரின் முதலெழுத்துகளும், பாகங்கள்தோறும் தொடரெண்ணும் இருந்தன. ஓ.டபிள்யூ.ஏ. என்ற முதலெழுத்துகள் ஆர்வில் ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளருடையவை. அவர் தொடக்ககாலத் துப்பாக்கிகளைச் சோதித்தவர். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் போரில் தளபதி கஸ்டரோடு அழிந்த ஏழாம் குதிரைப்படைப் பிரிவினரிடம் இருந்தவை இந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்பதால், அந்த முதலெழுத்துகளுக்கும் அந்த எண்வரிசைக்கும் சந்தையில் தனி மதிப்பு. எந்த எண் எந்தப் பிரிவுக்குப் போனது என்ற பட்டியல்கள் அச்சில் வந்தபின், ஆய்வாளருக்குக் கிடைத்த அதே தகவல் போலி செய்பவருக்கும் கிடைத்தது. எண்ணை அழித்து, பட்டியலிலுள்ள எண்ணை அடிப்பது அவருக்கு ஒரு மாலைநேர வேலை.

அதே துப்பாக்கியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1890களில் இவற்றைத் திரும்பப் பெற்று, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, எண் பார்க்காமல் கலந்து பொருத்தினார்கள். ‘ஆர்ட்டிலரி’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் அந்த வகையில் எண்கள் பொருந்தாமல் இருப்பதே இயல்பு. எல்லா எண்ணும் ஒத்துப்போனால்தான் சந்தேகம் வர வேண்டும். எல்லாம் ஒத்துப்போவதே நம்பகத்தின் இலக்கணம் என்ற எண்ணம் எந்த ஆயுதத்துக்கும் அப்படியே செல்லாது. அந்த ஆயுதத்தைக் கையாண்ட அலுவலகம் எப்படி வேலை செய்தது என்பதே இலக்கணம்.

திப்புவின் புலி

தென்னிந்தியாவில் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. திப்பு சுல்தானின் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளில் புலித்தலை, புலிவரிக் கோலம், திப்பு புகுத்திய மௌலூதி கணக்கிலான ஆண்டு ஆகியவை வருகின்றன. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சூறையாடிய பொருள்களாக அவை இங்கிலாந்து சென்றன. ராபின் விகிங்டன் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய சேகரிப்பு 2005இல் லண்டனில் ஏலம் போனது. ‘திப்புவுடையது’ என்ற பெயர் சேர்ந்ததும் விலை எந்த உயரத்துக்கும் போகும் என்பதை அந்த ஏலத்துக்குப் பின் எல்லாரும் அறிவார்கள்.

இங்கும் ஆண்டுதான் முதல் வாயில். மௌலூதி 1215 என்பது சுமார் 1787. திப்புவின் இறுதி ஆண்டு 1226க்கும் 1227க்கும் இடையில் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிய எண்ணோடு வரும் புலித்தலைக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் புலிவரி மட்டும் இருந்தால் அது திப்புவின் பட்டறைதான் என்று முடிவுகட்டுவதும் அவசரம். வெற்றியாளர்களுக்குப் புலி பிடித்துப்போனது. பிற்காலத்தில் பலர் அந்த அழகை விரும்பிச் செய்துகொண்டார்கள்.

எல்லைப்புறக் கொல்லர்

பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையிலுள்ள தர்ரா ஆதம் கேலில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து துப்பாக்கி செய்யும் பட்டறைகள் இருந்துவருகின்றன. அங்குள்ள கொல்லர் ஆங்கிலேயத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து, அதன் முத்திரை உட்பட அப்படியே செய்தார். முத்திரையும் துப்பாக்கியின் ஓர் உறுப்பு என்றே அவர் கொண்டார் போலும். அல்லது அந்தக் குறி இருந்தால் வாடிக்கையாளர் நம்புவார் என்று கணித்தார். 1900இல் ஒரு பழங்குடி வீரருக்காகச் செய்த அத்தகைய துப்பாக்கியைப் ‘போலி’ என்று ஒதுக்குவது வரலாற்றை இழப்பது. ஆங்கிலேயக் குறி எல்லைக்கு அப்பால் எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு அதுவே சான்று. அதைக் கம்பெனியின் 1805ஆம் ஆண்டுத் துப்பாக்கி என்று விற்பதுதான் மோசடி. இரண்டையும் பிரித்துச் சொல்லும் துல்லியம் நம் பட்டியல்களில் வர வேண்டும்.

சட்டத்துக்கும் இந்தத் துல்லியம் தேவை. இந்திய ஆயுதச் சட்டம், 1959இன் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த மாதிரியிலான, அல்லது தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது; பழுதுபார்த்தாலும் சுடப் பயன்படாத நிலையில் அவை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பொய் ஆண்டு பொறித்த, நன்றாகச் சுடக்கூடிய புதுத் துப்பாக்கி ஒன்றைப் பழம்பொருள் என்று நம்பி வீட்டில் வைத்திருப்பவருக்கு, தகட்டிலுள்ள இதயம் நீதிமன்றத்தில் உதவாது.

இனி

மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரு முன்தேவை இருக்கிறது: ஐயத்துக்கு இடமில்லாத அசல் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு. நூல்களிலுள்ள கோட்டோவியங்கள் அதற்குப் போதா. அவற்றைப் பார்த்துத்தான் போலிகளும் பிறக்கின்றன. அச்சின் ஆழம், ஓரத்தின் மழுக்கம், தகட்டின் உட்புறம் ஆகியவற்றை அசலிலோ அசலின் மிக நெருக்கமான புகைப்படத்திலோதான் படிக்க முடியும். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் போன்ற இடங்களுக்குப் போக முடிந்தவர்கள் சிலரே.

சென்னையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் கம்பெனிக் காலத்து ஆயுதங்கள் இருக்கின்றன. சந்தையைச் சுற்றி வராமல் நிறுவனக் காப்பில் நெடுங்காலம் இருந்துவிட்டதே அவற்றின் தனிச் சிறப்பு. பின்னாளைய போலிக்குறி அவற்றில் ஏற வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றின் சுடுபொறிகளைப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு கழற்றி, தகட்டின் இருபுறத்தையும், குழலின் அடிப்பகுதியையும், கட்டை முத்திரைகளையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எவரும் பார்க்கும்படி இந்த இரு நிறுவனங்களும் வெளியிட வேண்டும்.

அதுவரை, தனியார் சேகரிப்பில் கம்பெனிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், தேய்ந்த குறியைக் கூராக்கக் கொடுக்காதீர்கள், துருவை அப்படியே விட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.